சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கும்பகோணம்: 40 மணி 50 நிமிஷம்

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. ‘‘எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?’’

முன்பெல்லாம் இதற்குப் பதில் சுலபம். மெட்ராஸிலிருந்து பெரியவன் வரணும், கோயம்புத்தூரிலிருந்து தங்கச்சி வரணும், சாயந்திரம் நாலு மணிக்கு எடுத்துடலாம் என்பார்கள். இப்போது தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். பதில் ஃப்ளைட் டிக்கெட்டில் இருக்கிறது. அதுவரை ஃப்ரீசர் பாக்ஸ் ‘உர்ர்...’ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

2023 தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, கும்பகோணத்தில் ஒரு வீட்டில் அந்தக் கேள்வி வந்தது. பதில் சொல்ல வேண்டியவர், அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். பஸ் ஸ்டாண்டில் ஓர் ஓரமாக, கம்பி ஜன்னல் வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். அன்று இறந்துபோனது அவர் மனைவி. அதிகாலை 4.10. கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதும் அவர்தான். பழக்கம்!

ஒரே பெண். கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் வேலை. விமானம் ஏற வேண்டியது சான் பிரான்சிஸ்கோவில்.

பெண் அங்கே போன புதிதிலேயே அவர் தூரத்தைக் கேட்டு வைத்திருந்தார். சென்னை விமான நிலையத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 13,900 கிலோமீட்டர். பெரிய விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் பதினைந்தரை மணி நேரம். ‘‘இங்கேர்ந்து ராத்திரி ஏறினா மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொண்ணு வீட்டுல இருக்கலாம்’’ என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும், ‘‘கிலோமீட்டர் டீசலுக்கு, பயணிக்கு நேரம்தான் கணக்கு’’ என்று புது கண்டக்டர்களுக்குப் பாடம் எடுத்த மனிதர்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வகுத்தல் கணக்கு அவரைக் கைவிட்டது.

இங்கே அதிகாலை 4.10 என்றால் அங்கே திங்கட்கிழமை பிற்பகல் 2.40. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். பெண் ஆபீஸில் இருந்தாள். செய்தி கேட்டு, அழுது, வீட்டுக்கு ஓடி, குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, பாஸ்போர்ட்டைத் தேடி, டிக்கெட் பார்க்க உட்கார்ந்தபோது மாலையாகிவிட்டது. துபாய் வழியாகப் போகும் விமானம் கிளம்பிப் போயிருந்தது. பெங்களூருக்கு அப்போது நேரடி விமானம் இருந்தது, ஆனால் தினமும் கிடையாது. அன்றைக்கு இல்லை. கடைசியில் சிங்கப்பூர் வழியாக, இரவு 11 மணி விமானத்தில் ஓர் இடம் கிடைத்தது.

விமானத்தில் ஏறுவதற்கு முன் அப்பாவுக்கு போன் செய்தாள். ‘‘அப்பா, நான் வீட்டுக்கு வர புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணி ஆயிடும்.’’

இந்தப் பக்கம் சத்தமே இல்லை. இருட்டின பிறகு எடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. ஒன்பது மணிக்கு வந்தால் வியாழக்கிழமை காலைதான். கூடத்தில் அண்ணன், அண்ணன் மகன், சம்பந்தி வீட்டார், மயிலாடுதுறையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் வந்த ஜனங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளே சொன்னாள்: ‘‘காத்திருக்க முடியலைன்னா பரவாயில்லப்பா. எனக்காக அம்மாவைப் போட்டு வைக்காதீங்க.’’

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மாலை 4 மணிக்கு எடுத்தார்கள். கணவரே கொள்ளி வைத்தார். அந்த நேரத்தில் பெண்ணின் டாக்ஸி மதுராந்தகம் ஏரியை ஒட்டி வந்துகொண்டிருந்தது. அண்ணன் மகன் வீடியோ காலில் காட்டினான். வாய்க்கரிசி போடும்போது படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது பாடை தெருமுனையில் இருந்தது.

இரவு 9 மணிக்கு அவள் வீட்டு வாசலில் இறங்கினாள். கூடம் கழுவி விடப்பட்டு ஈரமாக இருந்தது. ஓரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் வரை இருந்தாள். எல்லாரிடமும் பேசினாள், எல்லா வேலையும் செய்தாள், அப்பாவுக்கு மாத்திரை டப்பாவில் வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்துப் போட்டாள். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. கிளம்புகிற அன்று, டாக்ஸியில் ஏறப்போகும்போது மட்டும் கேட்டாள். ‘‘திருச்சி வண்டி லேட்டாச்சுன்னா கடைசி பஸ்ஸை எத்தனை நிமிஷம் நிறுத்தி வைப்பீங்கப்பா?’’

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது இரவுச் சாப்பாட்டை டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு அம்மாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள். கிராமத்துக்குப் போகிற கடைசி நடை நின்றுகொண்டிருக்கும். கண்டக்டர் விசில் ஊதத் துடிப்பார். ‘‘திருச்சி வண்டியில நாலு பேர் இருப்பாங்கய்யா, அவங்களை விட்டா விடியற வரைக்கும் இங்கேதான் கிடக்கணும்’’ என்று இவர் ஜன்னலுக்குள்ளிருந்தே கையைக் காட்டி நிறுத்திவைப்பார். வரப்போகும் அந்த நாலு பேர் யாரென்று அவருக்குத் தெரியாது. அதைப் பார்த்து வளர்ந்த பெண் கேட்கிற கேள்வி இது. அவர் என்ன பதில் சொல்வார்? டாக்ஸி போய்விட்டது.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வந்தது. ‘சாப்பிட்டீங்களா’, ‘சுகர் எவ்வளவு’, ‘அங்கே மழையா’. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். முன்பு அம்மாவும் பெண்ணும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

மனிதர் வேறு எதையும் செய்யத் தெரியாதவர், கணக்கு போட்டார். பழைய டைரி ஒன்றை எடுத்து, பெண்ணின் பயணத்தை ட்ரிப் ஷீட் மாதிரி எழுதினார். நேரம் எல்லாம் நம்ம ஊர் நேரம்.

செவ்வாய் அதிகாலை 4.10 முதல் விமானம் கிளம்பிய மதியம் 12.30 வரை: 8 மணி 20 நிமிஷம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர்: 17 மணி. சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தது: 4 மணி 15 நிமிஷம். சிங்கப்பூரிலிருந்து சென்னை: 4 மணி 15 நிமிஷம். குடியுரிமைச் சோதனை முடிந்து வெளியே வர 50 நிமிஷம். திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியாகக் கும்பகோணம்: 6 மணி 10 நிமிஷம். கூட்டினால் 40 மணி 50 நிமிஷம்.

இதில் வானத்தில் பறந்தது 21 மணி 15 நிமிஷம்தான். மீதி 19 மணி 35 நிமிஷம் அவள் தரையில் இருந்திருக்கிறாள். ஏறக்குறைய பாதி! பதினைந்தரை மணி நேரம் என்று டீக்கடையில் சொன்னவர், அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எல்லாம் இந்தத் தப்புக் கணக்கு இருக்கிறது. கூகுளில் கேட்டால் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. ஆனால் யாரும் விமான நிலையத்தில் பிறப்பதும் இல்லை, சாவதும் இல்லை. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும்தான் பயணம். அதை எந்த போனும் சொல்வதில்லை.

சரி, சிங்கப்பூர் போகாமல் நேராக வந்திருந்தால்? அதையும் போட்டுப் பார்த்தார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் சுமார் 13,600 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை சுமார் 2,900. ஆக 16,500. நேர் தூரத்தைவிட 2,600 கிலோமீட்டர் அதிகம். துபாய் வழியாக வந்தாலும் பெரிய லாபமில்லை. சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூர் எவ்வளவு தூரமோ, மேற்கே துபாயும் கிட்டத்தட்ட அதே 2,900தான். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,000. நேரடி விமானம் ஒன்று சென்னைக்கு இருந்து, அதே இரவு 11 மணிக்குக் கிளம்பியிருந்தால், அவள் புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கே வீட்டில் இருந்திருப்பாள். வாய்க்கரிசி போட்டிருப்பாள்.

இந்தக் கணக்கு போடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் போட்டுவிட்டார்.

அதிலிருந்து மனிதருக்கு விமானப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. போனில் ஃப்ளைட்ரேடாரை ஏற்றிக்கொண்டார். உலகத்தில் பறக்கிற விமானங்களெல்லாம் மஞ்சள் மஞ்சளாக ஊர்வதை ராத்திரி படுக்கையில் பார்ப்பார். ஓர் உண்மையை முதலில் கண்டுபிடித்தார். சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். அதே விமானம் திரும்பி வர பதினேழு. தூரம் ஒன்றுதான். இரண்டு மணி நேரம் எங்கே போனது?

காற்று. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம்கூட சாதாரணம். காவிரியில் வெள்ளம் வரும்போது ஆற்றோடு நீந்துவதற்கும் எதிர்த்து நீந்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அமெரிக்கா போகிறவர்கள் பசிபிக் மேலே அந்தக் காற்றோடு போகிறார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் அதை எதிர்த்து வருகிறார்கள். குளிர்காலத்தில் அந்தக் காற்று இன்னும் பலமாக இருக்கும். அவள் வந்தது தை மாதம்.

டீக்கடையில் ஒருவர் சந்தேகம் கேட்டார். ‘‘பூமிதான் சுத்துதே, ஹெலிகாப்டர்ல மேலே போய் சும்மா நின்னா, அமெரிக்கா தானா கீழே வந்துடாது?’’ டைம் கீப்பர் சிரிக்கவில்லை. ‘‘ஓடுற பஸ்ஸுக்குள்ள ஈ பறக்குது. அது பின் கண்ணாடியில போய் மோதுதா? பஸ்ஸோட சேர்ந்து உள்ளே இருக்குற காத்தும் போகுது, ஈயும் போகுது. பூமியும் அப்படித்தான், தன்னோட காத்தையும் சுருட்டிக்கிட்டுதான் சுத்துது’’ என்றார். பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லித்தந்தால் யாருக்குத்தான் மறக்கும்!

பெங்களூர் விமானத்தைப் பற்றிய பழைய செய்தி ஒன்றும் அவர் டைரிக்குள் வந்து சேர்ந்தது. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் வந்தபோது, அதை ஓட்டியவர்கள் எல்லாரும் பெண்கள். கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் நான்கு பைலட்டுகள். வட துருவத்துக்கு மேலே பறந்து, சுமார் பதினேழு மணி நேரத்தில் வந்து இறங்கினார்கள்.

வட துருவத்துக்கு மேலேயா? அமெரிக்காவிலிருந்து பெங்களூர் வருகிறவர்கள் அங்கே எதற்குப் போகிறார்கள்? இது மட்டும் அவருக்குப் புரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். கோடு பசிபிக் கடலைக் குறுக்காக வெட்டிப் போனது. துருவம் எங்கேயோ மேலே, படத்தின் விளிம்பில் கிடந்தது.

அந்த 2023 ஜூனில் இன்னொரு செய்தி. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் ஒன்று, என்ஜினில் கோளாறு என்று ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. 216 பயணிகள், 16 ஊழியர்கள். பள்ளிக்கூடத்திலும் விடுதிகளிலும் தரையில் படுக்கை விரித்துப் படுத்தார்கள். மாற்று விமானம் வந்து அழைத்துப்போய்ச் சேர்த்தபோது ஜூன் 8 ஆகிவிட்டது. அந்த விமானத்தில் யாராவது ஒருவர் சாவுக்குப் போய்க்கொண்டிருந்திருப்பாரா என்று அவர் நினைத்துக்கொண்டார். இருநூற்றுப் பதினாறு பேர் என்றால், இருந்திருக்கலாம்.

அந்த வழியும்கூட எல்லாருக்கும் கிடைப்பதில்லை. உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடப்பட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள், சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் போகிறார்கள். இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பாலம் இடிந்தால் பஸ் சுற்றிப்போகிற மாதிரி.

2025 கோடையில் பெண் டிக்கெட் அனுப்பினாள். ‘‘வந்து மூணு மாசம் இருங்கப்பா. பேத்தி கேட்டுக்கிட்டே இருக்கா.’’ எழுபத்தொரு வயதில் முதல் விமானப் பயணம்.

வீல்சேர் போட்டுக்கொள்ளச் சொன்னாள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டுமல்ல, ஆங்கிலம் தெரியாத நம் ஊர் அப்பா அம்மாக்களுக்கும் அதுதான் வழிகாட்டி என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அவர் மறுத்துவிட்டார். ‘‘பலகையில டைம் போட்டிருப்பான்ல, எனக்கு அது போதும்.’’ துபாயில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடந்தது போல நடந்து, பலகைகளைப் படித்துப் படித்தே சரியான வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். இதில் அவருக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

காலை எட்டே முக்காலுக்கு துபாயில் விமானம் கிளம்பியது. முன் சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரையில் மேப்பைப் போட்டவர், அதை மாற்றவே இல்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூன்று சினிமா பார்த்தார்கள். இவர் ஒரே படத்தைப் பதினாறு மணி நேரம் பார்த்தார்: சின்ன வெள்ளை விமானம் மேற்கேயும் போகாமல், கிழக்கேயும் போகாமல், நேர் வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஈரான். ரஷ்யா. அப்புறம் ஊரே இல்லாத வெள்ளைப் பரப்பு, ஆர்க்டிக் கடல். அதற்கப்புறம் கனடா வழியாக இறங்க ஆரம்பித்தது. ஜன்னல் ஓரத்தில் வெயில் வந்தது, போகவே இல்லை. கோடையில் வட துருவத்தில் சூரியன் மறையாது என்று படித்ததை, ஜன்னல் மூடியை இரண்டு விரற்கடை தூக்கித் தூக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். இறங்கியபோது சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள், பிற்பகல் ஒன்றே முக்கால்!

அவருக்கு அப்படி ஒரு நீண்ட பகல். பெண்ணுக்கு அன்றைக்கு நேர்மாறு. இரவு 11 மணிக்குக் கிளம்பி, மேற்கு நோக்கி இரவைத் துரத்திக்கொண்டே பறந்து, காலை எட்டு மணிக்கு சிங்கப்பூரில் இறங்கியிருக்கிறாள். வழியில் பெரும்பகுதி இருட்டு. நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டியதில் செவ்வாய்க்கிழமை ஓரிரண்டு துண்டாக உடைந்து காணாமல் போய்விட்டது. திங்கட்கிழமை இரவு ஏறியவள், புதன்கிழமை காலை இறங்கினாள். அம்மா இறந்தது இங்கே செவ்வாய். அவள் இருந்த ஊரில் அப்போது திங்கள். வருஷா வருஷம் அப்பா விளக்கு ஏற்றுகிற தேதி ஒன்று, அவள் ஏற்றுகிற தேதி ஒன்று என்பதை அவர் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டார்.

பேத்திக்கு ஒன்பது வயது. அவள் மேஜையில் ஒரு பூகோள உருண்டை இருந்தது. ஒரு மத்தியானம் இரண்டு பேரும் தையல் நூல் ஒன்றை எடுத்தார்கள். தாத்தா ஒரு முனையைச் சென்னையில் வைத்து அழுத்திக்கொண்டார். பேத்தி மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இறுக்கி இழுத்தாள். பசிபிக் கடலில் கிடந்த நூல், இழுக்க இழுக்க வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. தொய்வு முழுக்கப் போய் விறைத்து நின்றபோது, அது சீனா, சைபீரியா தாண்டி, ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே புகுந்து, பேரிங் நீரிணை வழியாக அலாஸ்காவில் இறங்கி சான் பிரான்சிஸ்கோ வந்தது.

‘‘இதுதான் தாத்தா ஷார்ட்டஸ்ட்’’ என்றாள் பேத்தி.

அவர் நூலை எடுக்கவே விடவில்லை. கும்பகோணத்துச் சுவரில் தொங்குகிற படம் உருண்டையைத் தட்டையாக விரித்தது. விரிக்கும்போது மேலே இருப்பதெல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடும். அந்த மாதிரிப் படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரியது. அந்தப் படத்தில் ஸ்கேல் வைத்தால் குறுக்கு வழி தெரியாது. நூல் வைத்தால்தான் தெரியும். ‘‘வளைஞ்சு போற மாதிரி இருக்கே, அதுதான் நேர் வழியா!’’ என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

பெண் வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி பேத்தி தூங்கியதும், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அவர் டைரியைக் கொண்டுபோய்க் காட்டினார். 40 மணி 50 நிமிஷம். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். தன்னுடைய பயணத்தைத் தன்னைவிடச் சரியாக இன்னொருவர் எழுதி வைத்திருப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

‘‘நீதானேம்மா காத்திருக்க வேண்டாம்னு சொன்னே’’ என்றார் அவர். இரண்டரை வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்தது.

‘‘சொன்னேன்தான். நீங்க கேட்டிருக்கக் கூடாதுப்பா.’’

அவர் தலையை ஆட்டினார். ‘‘வண்டி வரும்னு தெரிஞ்சா நிறுத்தி வைப்பேன். அன்னைக்கு எனக்கு அந்தப் பெட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இன்னொரு ராத்திரி உட்கார முடியலம்மா. அதான் நிஜம். பெரியப்பா சொன்னாரு, சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு உன்கிட்ட சொன்னதெல்லாம் அப்புறம்.’’

அவள் எதுவும் சொல்லவில்லை. குழாயை மூடாமல் விட்டிருந்தாள். அவர் போய் மூடினார். பிறகு இரண்டு பேரும் ரொம்ப நேரம் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். டிபன் கேரியரில் அடித்தட்டில் எப்போதும் ரசம் கொட்டி வருகிற கதை, மகளைச் சைக்கிளில் வைத்து மகாமகக் குளத்தை நாலு சுற்று சுற்றிய கதை எல்லாம்.

ஊருக்குத் திரும்புகிறதற்கு முந்தைய நாள் அவர் ஒரு தாளை எடுத்து, தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். அண்ணன் மகனிடம் கொடுத்து வைப்பதற்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று பெண் கேட்டாள். போன் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் இதெல்லாம் தேவைப்படும் என்றார்.

மேலே, ‘எனக்கு’ என்று தலைப்பு. அதற்குக் கீழே ஃப்ரீசர் பாக்ஸ்காரர் நம்பர். கரன்ட் போனால் ஜெனரேட்டருக்கு யாரிடம் சொல்வது என்ற விவரம். சிங்கப்பூர் வழி, துபாய் வழி, பெங்களூர் வழி என்று மூன்று வழிக்கும் தனித்தனியாக நேரம். ‘வந்து சேர 41 மணி நேரம். லேட்டுக்கு 6 மணி நேரம் சேர்த்துக்கொள்ளவும். இருட்டிவிட்டால் மறுநாள் காலை. யார் என்ன சொன்னாலும் நிறுத்தி வைக்கவும். பாப்பாவே வேண்டாம் என்று சொன்னாலும் நிறுத்தி வைக்கவும்.’ கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு.

ஓரத்தில், ‘அவர்கள் நேரம் நமக்கு 13½ மணி பின்னால்’ என்று எழுதியிருந்தார்.

பெண் தாளை வாங்கி முழுக்கப் படித்தாள். பேத்தியின் பென்சிலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில், ‘மார்ச் முதல் நவம்பர் வரை 12½’ என்று திருத்தினாள்.

‘‘பென்சில்ல எழுதாதே, அழிஞ்சுடும்’’ என்று அவர் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.